தோற்ற கணக்கையும் எழுதி வையுங்கள்: வன்னி விளையாட்டுக் கழகச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் விளையாட்டுக் கழகச் செயலாளர்களுக்கும், வருடாவருடம் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி நடத்துகிற அண்ணாமாருக்கும்,

வணக்கம்.

இது டென்னிஸ் பற்றிய மடல். வன்னியில் டென்னிஸ் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பந்து இருக்கிறதே! மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் ஒருவன் தூக்கி அடித்துவிட, இரண்டு அணியும் சேர்ந்து பற்றைக்குள் தேடுகிற அந்த மஞ்சள் பந்து டென்னிஸ் பந்துதான். அதற்கு மேல் அந்த விளையாட்டுக்கும் எங்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நான் கேட்பது மைதானமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ஒரு வீரனின் கணக்கை அவர்கள் எழுதி வைக்கிற பழக்கத்தை மட்டும் கடன் வாங்குவோம் என்கிறேன்.

கழகப் போட்டிகளில் ஸ்கோர் எழுதுகிறவன் நான். கரப்பந்தாட்டம், உதைபந்தாட்டம், மென்பந்து, எதுவென்றாலும் மேசை ஓரத்தில் ஒரு கதிரை எனக்கு இருக்கும். போட்டி முடிந்ததும் அந்தத் தாள் என்ன ஆகிறது என்பது மைதானத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சி.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றை அது. பரிசளிப்பு நேரத்தில் பிரதம விருந்தினருக்கு ரோல்ஸ் சுற்றிக் கொடுக்கத் தாள் தேடுவார்கள். மேசையில் வேறு தாள் இருக்காது.

ஸ்பெயின் டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலை எடுங்கள். பிரெஞ்சு ஓபனில் மட்டும் 14 தடவை கிண்ணம் தூக்கியவர். அவருடைய விளையாட்டு வாழ்க்கை முழுவதும் ஒரு அட்டவணைக்குள் இருக்கிறது. மேலே வருடங்கள், இடது பக்கம் போட்டிகளின் பெயர்கள், ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வருடம் எந்தச் சுற்றுவரை போனார் என்ற குறிப்பு. பிரெஞ்சு ஓபன் வரிசையின் முடிவில் இரண்டு எண்கள்: 112 வெற்றி, 4 தோல்வி. எங்கள் ஆட்கள் என்றால் 112ஐப் பதாகையில் அடித்துவிட்டு 4ஐ அமத்தியிருப்பார்கள். எனக்கு அந்த 4தான் பிடித்திருக்கிறது. 2009இல் சோடர்லிங், 2015இலும் 2021இலும் ஜோகோவிச், 2024இல் ஸ்வெரெவ். 2005இலிருந்து 2024வரை அந்தச் செம்மண் தரையில் நடாலை விழுத்தியவர்கள் மூன்றே மூன்று பேர். தோல்வியையும் எழுதி வைத்ததால்தானே இப்படி ஒரு வசனம் சொல்ல முடிகிறது?

அதே வரிசையில் 2016ஆம் ஆண்டுக் கட்டத்தைப் பாருங்கள். இரண்டு ஆட்டம் வென்றார். மூன்றாவது சுற்றுக்கு முன் மணிக்கட்டு நோ காரணமாக விலகிவிட்டார். அது தோல்வி என்று எண்ணப்படவில்லை. ஆனால் மறைக்கப்படவும் இல்லை. 2023இல் காயத்தால் வரவே இல்லை. அதற்கு வேறு குறி. வந்து தோற்றது, வந்து விலகியது, வராமலே விட்டது, மூன்றும் மூன்று விதமாக இருக்கிறது. எங்கள் ஊரில் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "அந்தமுறை சரிவரேல்லை."

இனி உங்கள் கழக அலுமாரியைத் திறவுங்கள். கிண்ணங்கள் நிறைய இருக்கும், மறுக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து அடியில் ஒட்டியிருக்கிற தகட்டை வாசியுங்கள். யாருடைய ஞாபகார்த்தம் என்று இருக்கும். அனுசரணையாளரின் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். "முதலாம் இடம்" என்று இருக்கும். எந்த வருடம்? பெரும்பாலும் இருக்காது. யாரை வென்றீர்கள், எத்தனைக்கு எத்தனை, அன்று யார் யார் ஆடினார்கள், ஒன்றும் இருக்காது. முகநூலில் தேடலாம் என்பீர்கள். முகநூலில் பொன்னாடை போர்த்திய படம் இருக்கும். ஆடிய பெடியள் பின்வரிசையில் பாதி முகத்தோடு நிற்பார்கள்.

கணக்கு என்பதே எங்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றா என்றால், இல்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லாமல் ஒரு சிறுபோகக் கூட்டம் நடக்குமா? தண்ணீர் குறைந்த வருடத்தின் அளவையும் விவசாயி ஞாபகம் வைத்திருக்கிறான். அதை வைத்துத்தான் இந்த வருடம் எத்தனை ஏக்கர் என்று சண்டை பிடிக்கிறான். வயலுக்குத் தெரிந்த கணக்கு மைதானத்துக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது என்பதுதான் என் கேள்வி.

வெற்றி தோல்விக்கு மேலே போனால் விஷயம் இன்னும் ருசியாகும். சுவிற்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர் ஒற்றையரில் ஆடியது 1526 ஆட்டம். வென்றது 1251, தோற்றது 275. அதாவது நூற்றுக்கு 82 ஆட்டம் வெற்றி. சரி, புள்ளிகளில் எத்தனை வென்றிருப்பார்? 70 வீதம்? 65? வெறும் 54 வீதம். 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் இதை அவரே சொன்னார். உலகத்தில் தலைசிறந்த ஆட்டக்காரன் ஒருவன், ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஒன்றைத் தோற்றுக்கொண்டே போயிருக்கிறான். ஒரு செற் தோற்றதும் தலையைத் தொங்கப்போடுகிற எங்கள் பதினாறு வயதுக்காரனுக்கு இந்த ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். பயிற்றுநர் அரைமணித்தியாலம் கத்துவதைவிட வேலை செய்யும்.

எந்தப் புள்ளியை வென்றாய் என்பதும் இருக்கிறது. 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் நடாலின் சர்வீஸை முறியடிக்க, அதாவது அவர் சர்வீஸ் போடுகிற கேமை வெல்ல, ஃபெடரருக்கு 17 வாய்ப்பு வந்தது. பயன்படுத்தியது ஒன்றே ஒன்று. தோற்றார். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, ஜோகோவிச் எடுத்தது 204. கிண்ணம் போனது ஜோகோவிச்சிடம். 2010இல் அதே விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் மூன்று நாளாக 11 மணித்தியாலம் 5 நிமிடம் ஆடினார்களே, கடைசி செற் 70க்கு 68 என்று முடிந்தது. அதில் தோற்ற மஹு எடுத்தது 502 புள்ளி. வென்ற இஸ்னர் 478. (அந்த ஆட்டத்தில் மின்பலகை 47க்கு 47இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. ஆனால் நடுவரின் கணக்கு நிற்கவில்லை.)

இது கரப்பந்தாட்டத்தில் எங்களுக்கு அடிக்கடி நடக்கிற கதை. 25க்கு 15, 23க்கு 25, 25க்கு 14, 24க்கு 26, 13க்கு 15 என்று ஒரு ஆட்டம் போனால், தோற்ற அணி 110 புள்ளி, வென்ற அணி 95. அன்று இரவு தோற்ற ஊரில் என்ன நடக்கும்? நடுவரில் பிழை, பந்தில் பிழை, கடைசியில் ஒரு பெடியனில் பிழை. தாளைப் பார்த்தால் கதை வேறு. இந்த அணி பலவீனமானது இல்லை. 20ஐத் தாண்டிய பிறகு சர்வீஸை வலையில் அடிக்கிறது. அதற்குப் பயிற்சி இருக்கிறது. பிழை ஆளில் இல்லை, 20க்குப் பிறகு வருகிற சர்வீஸில் என்று தெரிந்தால் அந்த ஒரு பெடியனும் அடுத்த வாரம் பயிற்சிக்கு வருவான்.

தரையையும் எழுத வேண்டும். நடாலும் ஃபெடரரும் 40 தடவை மோதினார்கள். நடால் 24, ஃபெடரர் 16. இதை மட்டும் பார்த்தால் ஒருவர் மற்றவரைவிட உயர்ந்தவர் என்று முடித்துவிடலாம். பிரித்துப் பாருங்கள். செம்மண்ணில் 14க்கு 2 என்று நடால் பக்கம். புல்லில் 3க்கு 1 என்று ஃபெடரர் பக்கம். கடினத் தரையில் 11க்கு 9, அதுவும் ஃபெடரர் பக்கம். அதே இரண்டு பேர், தரை மாறக் கணக்குப் புரண்டுவிட்டது. முல்லைத்தீவுக் கரை மணலில் வெறுங்காலோடு வளர்ந்த பெடியன் கிரவல் தரைக்கு வந்து சப்பாத்துப் போட்டு ஓடுகிறபோது பந்து அவனுக்கு முன்னே ஓடிவிடும். கிரவலில் பழகியவனை மணலில் விட்டால் பத்து நிமிடத்தில் கெண்டைக்கால் இழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுதுவதில்லை. மாவட்ட அணி தெரிவு செய்கிற நாளில் "அவன் நல்லா விளையாடுவான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கே, யாரோடு, எந்தத் தரையில்?

இவ்வளவும் ஆட்டத் திறமைக்கான காரணங்கள். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

எவோன் கூலகாங் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவுஸ்திரேலியாவின் பழங்குடிப் பெண். விரஜூரி இனத்தவர். பரலன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர்; தகப்பன் செம்மறி ஆட்டு உரோமம் கத்தரிக்கிற தொழிலாளி. பெரிய ராக்கெட் வாங்க வசதியில்லாமல், பெட்டிப் பலகையை வைத்துச் சுவரில் பந்தடித்துப் பழகியவர். 1971இல் பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றார். 1980இல், பிள்ளை பெற்ற பிறகு, திரும்பவும் விம்பிள்டன் வென்றார். பிள்ளை பெற்ற ஒருவர் அங்கே ஒற்றையர் கிண்ணம் எடுத்தது 1914க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எல்லாம் சேர்த்து ஏழு பெரும் ஒற்றையர் பட்டங்கள். ஆனால் உலக முதலிடம் மட்டும் நெடுங்காலம் அவர் பெயரில் இருக்கவில்லை.

2007 டிசம்பரில் பெண்கள் டென்னிஸ் சங்கம் ஒரு அறிவித்தல் விட்டது. பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்ததில், 1976 ஏப்ரலிலும் மேயிலுமாக இரண்டு வாரம் கூலகாங்தான் உலகின் முதலாம் இடத்தில் இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் தரவு முழுமையாக இல்லாததால் அது வெளியே வரவில்லை என்றது. 31 வருடம் கழித்து! அந்த முதலிடத்தைத் தொட்ட பெண்கள் வரிசையில் காலப்படி அவர் இரண்டாவது, கிறிஸ் எவர்ட்டுக்கு அடுத்தபடி. அங்கீகாரம் கிடைத்த வரிசையில் பதினாறாவது. நடுவில் நின்ற பதினான்கு பேர் தாண்டிப் போகும்வரை உண்மை ஒரு பெட்டிக்குள் கிடந்தது. ஆனால் கிடந்தது, பாருங்கள். எரியவில்லை, தண்ணீரில் போகவில்லை. அதனால்தான் எடுக்க முடிந்தது.

ஆண்கள் பக்கம் ஆர்ஜென்டினாவின் கிலெர்மோ விலாஸ் அவ்வளவு அதிர்ஷ்டக்காரர் இல்லை. 1977இல் ஒரே வருடத்தில் 16 பட்டம் வென்றவர், உலகத் தரவரிசையில் ஒரு வாரம்கூட முதலிடம் காணவில்லை. அந்தக் காலத்தில் வரிசை வாராவாரம் வெளியிடப்படவில்லை. விடுபட்ட வாரங்களை அவர் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரும் ருமேனியக் கணிதவியலாளர் ஒருவரும் வருடக்கணக்காக உட்கார்ந்து கணக்கிட்டு, 1975, 1976இல் அவர் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். ஆண்கள் டென்னிஸ் சங்கம் ஏற்கவில்லை. நியாயமோ இல்லையோ, நேரத்துக்கு எழுதாததன் விலை அது.

எங்கள் மொழிக்காரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனவர். இரண்டு தடவையும் அவரை வென்றவர்களே கிண்ணமும் எடுத்தார்கள்: முதலில் நீல் ஃபிரேசர், அடுத்த வருடம் ராட் லேவர். கணினியில் கணக்கிடுகிற உலகத் தரவரிசை 1973 ஓகஸ்டில்தான் வந்தது. ஆகவே மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்கு 1985இல் எட்டிய 23 என்ற உறுதியான இடம் இருக்கிறது. தகப்பனுக்குப் பத்திரிகையாளர்கள் போட்ட பட்டியல்கள்தான். என்றாலும் அவருடைய ஒவ்வொரு சுற்றின் புள்ளியும் எழுத்தில் இருப்பதால் அவரைப் பற்றி இன்றைக்கும் வாதாடலாம்.

இனி எங்கள் பெட்டிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோது கழகப் பதிவேட்டை யார் தூக்கினார்கள்? 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையில் கடல் எடுத்தவற்றுள் கிண்ணங்களும் இருந்திருக்கும். 2009இல் கையில் பிள்ளையும் பையில் அரிசியும்தான் வந்தன. மாகாண மட்டத்தில் ஓடிய சான்றிதழ் பதுங்குகுழிக்குள் மக்கிப் போனவர்கள் இன்று ஐம்பது வயதில் எங்களோடு தேத்தண்ணிக் கடையில் இருக்கிறார்கள். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில், 2023இல், பிலிப்பைன்ஸில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் பதக்கம் வென்றபோது நாடே திரும்பிப் பார்த்தது. அவர் இளமையில் ஓடிய நேரங்கள் எந்தக் கொப்பியிலாவது இருக்குமா என்று நான் அன்று யோசித்தேன்.

ஆகவே முதல் வேண்டுகோள், இல்லாத வருடங்களையும் எழுதுங்கள். விம்பிள்டன் வரலாற்றில் 1915இலிருந்து 1918வரையும், 1940இலிருந்து 1945வரையும் போட்டி இல்லை. 1940 ஒக்டோபரில் நடு மைதானத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அட்டவணைகளில் அந்த வருடங்களை அவர்கள் வெட்டி எறியவில்லை. கட்டத்தைப் போட்டு "நடக்கவில்லை" என்று குறித்திருக்கிறார்கள். 2020க்கும் அதே குறி, கொரோனா. உங்கள் கழகத்தின் தொடக்க வருடத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். 2008, 2009 என்று வரும்போது "இடப்பெயர்வு, போட்டி இல்லை" என்று எழுதுங்கள். கழகம் திரும்பக் கூடிய வருடத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்றும் எழுதுங்கள். அதை எழுதுவதற்குக் கை கூசும் என்று தெரியும். எழுதாவிட்டால், பின்னால் வருகிற பெடியன் அந்த வருடங்களில் கழகம் சும்மா இருந்தது என்று நினைப்பான்.

இரண்டாவது, கணக்கை ஊதிப் பெருக்க வேண்டாம். "தோல்வியே காணாத அணி" என்று பதாகை அடிக்கிற கழகங்கள் எனக்குத் தெரிந்தே சில இருக்கின்றன. அவை தோற்ற நாளில் ஸ்கோர் எழுதியதும் நான்தான்.

எப்படி எழுதுவது என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கிழிக்க முடியாதபடி தைத்த சி.ஆர். கொப்பி ஒன்று, பக்க எண் போட்டு. திகதி, இடம், தரை, எதிரணி, முடிவு, ஆடியவர்கள், யார் எத்தனை கோல் அல்லது எத்தனை புள்ளி, காயம்பட்டு வெளியே போனவர். அன்றிரவே தொலைபேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்புங்கள். ஒருவர் வெளியூரில் இருந்தால் நல்லது. எங்கள் ஊரில் எதையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தயவுசெய்து முழுப்பெயர் எழுதுங்கள். "குட்டி 2 கோல், சின்னவன் 1 கோல்" என்று நானே தாளில் கண்டிருக்கிறேன். ஊரில் எத்தனை குட்டி! கல்வியியற் கல்லூரி நேர்முகத்தில், வேலை நேர்முகத்தில், விளையாட்டுக்குப் புள்ளி இருக்கிறது. அங்கே குட்டிக்குப் புள்ளி போடமாட்டார்கள். பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்டம், எல்லே, கரப்பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் இதே கொப்பி. அவர்களுடைய ஆட்டத்துக்கு ஸ்கோர் தாளே இல்லாமல் "சும்மா பார்ப்பம்" என்று நடத்துகிற வழக்கத்தை இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள்.

இதற்குக் காசு வேண்டுமா என்று பொருளாளர்கள் கேட்பார்கள். ஒலிபெருக்கி வாடகையில் ஒரு மணித்தியாலத்தைக் குறைத்தால் ஐந்து வருடத்துக்குக் கொப்பி வாங்கலாம்.

கடைசியாகப் பழைய கணக்கு. முழுவதும் போய்விடவில்லை. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பிந்திய பக்கங்களில் விளையாட்டு முடிவுகளும் வரும். உங்கள் கழகத்துப் படித்த பிள்ளை ஒன்றை ஒரு விடுமுறைக்கு அதில் உட்கார வையுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற பழைய ஆட்டக்காரர்களிடம் கிண்ணத்துக்குக் காசு கேட்பதை ஒருமுறை நிறுத்திவிட்டு, படங்களையும் சான்றிதழ்களையும் கேளுங்கள். எண்பதுகளில் யார் கோல்காத்தது, எந்த ஊரோடு இறுதியாட்டம் என்று அவர்களிடம் குரல்பதிவு வாங்கலாம். இரண்டு பேரின் ஞாபகம் ஒத்துப்போனால் கொப்பியில் எழுதி, பக்கத்தில் யார் சொன்னது என்றும் குறியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். படம் அனுப்புகிறவர்களிடம் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திகதியும் பெயர்களும் அநேகமாக அங்கேதான் பேனையால் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
ஸ்கோர் மேசைக்காரன்,
புதுக்குடியிருப்பு